எம்ஜிபி: எஞ்சினைப் பார்த்து வாங்குகிறவர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதிலேயே மெக்கானிக் வேலையையும் பழகிக்கொள்ள நினைப்பவருக்குப் பிரிட்டனில் பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: எம்ஜிபி வாங்கு. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையிலிருந்து 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார். உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. 1798 சிசி எஞ்சினில் புரியாத பொருள் எதுவும் இல்லை. இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட, பொறுமையுள்ள எவரும் பழகிவிடலாம்.

இதெல்லாம் எஞ்சினின் பெருமை. எம்ஜிபியைச் சாகடிப்பது துரு.

இந்தக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குகிறது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் அந்தப் பாரத்தின் பெரும்பகுதி கதவுக்குக் கீழே ஓடும் சில் மீது விழுகிறது. பல தகட்டு அடுக்குகளைச் சேர்த்து வெல்டு செய்த பெட்டி அது. உள்ளே ஈரமும் சேறும் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். விற்பவர் வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் புதியவர் கண்ணுக்கு அது புத்தம்புதுக் கார். முறையாகச் செய்வதென்றால் முன், பின் விங்குகளின் அடிப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டும். அதற்கு முன்பே கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி கொடுத்து நிறுத்தாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, கதவு மூடாமல் போகும். இது முழுக்க டிங்கரிங் வேலை. ஸ்பேனர் பிடிக்கப் பழகுகிறவரை இதற்குள் தள்ளிவிட்டு, எளிய கார் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? 1988 முதல் பழைய அச்சுகளிலேயே புதிய பாடிஷெல் செய்து விற்கிறார்களே என்பார்கள். ஓடும் நிலையிலுள்ள பல எம்ஜிபிகளைவிட அதன் விலை அதிகம்.

2018 மே மாதத்துக்குப் பிறகு இந்த அறிவுரை இன்னும் ஆபத்தாகிவிட்டது. 40 வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்கிற ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இன்று எல்லா எம்ஜிபிகளும் அந்த வயதைத் தாண்டியவை. காரின் அடிப்பக்கத்தை வெளியாள் ஒருவர் ஆண்டுதோறும் பார்த்த பாதுகாப்பும் போய்விட்டது. அப்படியிருந்தும் வாங்குவோரின் விவாதம் குரோம் பம்பரா, 1974 இறுதியில் வந்த ரப்பர் பம்பரா என்பதிலேயே சுற்றுகிறது. அழகுக்காகக் குரோமுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்; துரு இரண்டையும் ஒன்றுபோலத்தான் தின்கிறது.

எஞ்சின் புகை கக்கினாலும் சில் கெட்டியாக இருக்கும் ரப்பர் பம்பர் காரையே புதியவருக்குச் சொல்வேன். கூரையுள்ள ஜிடி கிடைத்தால் இன்னும் நல்லது. உறுதி கூடுதல், விலையும் பெரும்பாலும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு. எதை வாங்கினாலும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவு இறுகாமல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கொடுக்குமுன் எம்.ஓ.டி. ஒன்று எடுத்துத் தரும்படி விற்பவரிடம் கேட்கலாம்; விலக்குப் பெற்ற காரையும் சோதனை நிலையங்கள் பார்த்துத் தருகின்றன.