தூங்குமூஞ்சி ஜோ

டிக்கன்ஸின் பிக்விக் நாவல் 1836-37-இல் மாதம் ஒரு பகுதியாக வெளிவந்தது. அதில் வார்டில் என்பவர் வீட்டு வேலைக்காரப் பையன் ஜோவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பருத்த சரீரம்; சிவந்த முகம். வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்குவான். சாப்பாட்டு மேஜையருகே நின்றுகொண்டே குறட்டை விடுவான். எழுப்பினால் தின்பான். நாமும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

1956-இல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் சிரிக்காமல் யோசித்தார்கள். அவர்களிடம் வந்த ஒரு கனத்த மனிதர், சீட்டாட்டத்தில் கையில் அருமையான சீட்டுக்கள் இருந்தும் அப்படியே தூங்கிப் போனவர். மிதமிஞ்சிய பருமனால் மூச்சு போதாமல், இரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்துவிட்ட நோய் அது. அதற்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினார்கள். 120 வருஷங்களாக உலகம் ஒரு நோயாளியைப் பார்த்து அல்லவா சிரித்திருக்கிறது!

பேக்கன் எழுதி 2008-இல் வெளிவந்த 'ஹெல்த் அட் எவ்ரி சைஸ்' என்ற நூலை, ஜோவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். எடையைக் குறைக்கச் சொல்லி வதைக்காதே, உடம்பின் நலத்தைக் கவனி என்பது அதன் கட்சி. ஆசிரியரும் சகாக்களும் 78 பருத்த பெண்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்து, முடிவை 2005-இல் வெளியிட்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தியவர்களில் நூற்றுக்கு 41 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். மற்றவர்களுக்கும் இறங்கிய எடை இரண்டு வருஷத்துக்குள் ஏறிவிட்டது. பசியறிந்து உண்ணப் பழகியவர்களுக்கு எடை குறையவில்லை. ஆனால் இரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் சீர்ப்பட்டன. தராசுக்குப் பயந்து டாக்டரிடமே போகாத பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். அதற்காகவே இந்த நூலைப் போற்றுகிறேன்.

ஆனால் அந்தச் சீட்டாட்டக்காரரை என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் அவருக்கு உணவைக் குறைத்தார்கள். எடை இறங்கியது, தூக்கம் விலகியது, மூச்சு சீரானது. அவரிடம் போய், "எடையை மறந்துவிடும்" என்று சொல்லியிருந்தால் அது கருணையாகாது. கட்சிக்கு வேகம் வந்துவிட்டால் ஆசாமி மறந்துபோகிறான். நூலின் குறை இதுதான்.

டிக்கன்ஸ் நாவலில் ஓர் இடம் உண்டு. தோட்டத்துக் கொடிவீட்டில் டப்மன் தம் காதலியை முத்தமிடுகிறார். திரும்பினால் ஜோ நிற்கிறான். அந்த மொத்தை முகத்தைப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்மானித்துவிடுகிறார். ஜோவோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பிறகு காது மந்தமான பாட்டியிடம் போய் ஒப்பித்தும் விடுகிறான்!

ஜோவின் முகத்தைப் பார்த்ததோடு டப்மன் நிறுத்திக்கொண்டார். தராசை மட்டும் நம்பும் டாக்டரும் அதைத்தான் செய்கிறார். தராசைத் தூக்கி எறிந்துவிட்டால் மட்டும் ஜோ நம் கண்ணில் பட்டுவிடுவானா? "இராத்திரி சரியாகத் தூங்குகிறாயா, அப்பா?" என்று அவனை ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?