எல்மர் கான்ட்ரி: படம் விட்டுவிட்ட பாதி

சின்கிளேர் லூயிஸின் "எல்மர் கான்ட்ரி" எனும் புதினம் 1927-இல் வெளிவந்தபோது அமெரிக்கத் திருச்சபைகள் கொதித்தெழுந்தன. பாஸ்டன் நகரில் அதன் விற்பனை தடுக்கப்பட்டது. 1960-இல் ரிச்சர்டு புரூக்ஸ் அதனைத் திரைப்படமாக்கினார். கான்ட்ரியாக நடித்த பேர்ட் லங்காஸ்டர் ஆஸ்கார் பரிசு பெற்றார். எழுப்புதல் மேடையில் அவர் முழங்கும் காட்சிகள் இன்றும் நம்மை ஈர்க்கின்றன; ஈர்ப்பதனாலேயே அச்சுறுத்துகின்றன. வெறுமையான ஆலயங்களை நிரப்பும் பொருட்டு இக்கூட்டத்தாரை அழைக்கலாமா எனப் போதகர்கள் வாதிடும் காட்சியும் கூர்மையானதே.

ஆயினும் நூலின் கான்ட்ரி வேறானவன். அவன் இறையியற் கல்லூரியில் பயின்று பாப்டிஸ்டு சபையில் அபிஷேகம் பெற்றவன். பின்னர் மெதடிஸ்டு போதகன். படத்திலோ அவன் கல்லூரியினின்று விலக்கப்பட்டு ஊர் சுற்றும் விற்பனையாளன். ஆராதனைக்கூடம் தீப்பற்றி ஷாரன் ஃபால்கனர் மாண்டதும், 1 கொரிந்தியர் 13:11-ஐ நினைவுகூர்ந்து அவன் விலகிச் செல்ல, படம் முடிகிறது. நூலில் அத்தீ நடுப்பகுதியிலேயே நேர்கிறது. அதன்பின் அவன் படிப்படியாக உயர்ந்து, நியூயார்க்கின் பெரிய ஆலயத்திற்கு அழைப்புப் பெறுகிறான். அங்கே மனந்திரும்புதல் இல்லை. பதவி உயர்வே உண்டு.

லூயிஸ் கிருபையைக் காணத் தவறினார் என்பது மெய்யே; அக்குறையைப் படம் ஓரளவு நிறைவு செய்கிறது. ஆனால் குற்றவாளியைத் திருப்பணிக்குப் புறம்பானவனாக்கியதால், நூலின் முதன்மையான கேள்வி மறைந்துபோயிற்று. இவனைப் பயிற்றுவித்தவர் யார்? இவன்மேல் கைகளை வைத்தவர் யார்? இவன் திரட்டிய கூட்டத்தைக் கண்டு இவன் வாழ்வைக் காணாதிருந்தவர் யார்? 1 தீமோத்தேயு 5:22-ஐ அபிஷேக ஆராதனைக்கு முன்னரே வாசிக்க வேண்டியவர்கள் நாமே.