முதல் நாள் ஊசி தேவையா?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு குதிரை நள்ளிரவில் குட்டி போட்டால், விடியும்வரை மருத்துவர் கிடைப்பது அரிது. பெரும்பாலான குதிரைகள் இரவில்தான் போடும். 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். வழியெல்லாம் சிப்காட் லாரிகள். மாவட்டத்துக் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பதோ கறவை மாட்டையும் ஆட்டையும்தான். 2019 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமே குதிரைகள் சுமார் 3.4 லட்சம், 2012ஐவிட 45 சதவீதத்துக்கு மேல் குறைவு. இந்த நிலையில், பிறந்த குட்டிக்கு முதல் நாளே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிட்டால் நிம்மதி என்று வளர்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பு.

அவர் பயப்படும் நோய் உண்மையானது. முதல் வாரத்தில் குட்டிகளை அதிகம் கொல்வது ரத்தத்தில் கிருமி பரவுவதுதான். தொப்புள், வாய், குடல் வழியாகக் கிருமி நுழைகிறது. குட்டி பால் குடிப்பதை விடும். தாயின் மடி கனத்துப் பால் சொட்டும். பிறகு மூட்டு வீங்கும். இதற்கு இடம் கொடுப்பது குதிரையின் உடலமைப்பு. நோய் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகாது. சீம்பாலில் வருவதுதான் குட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அதையும் குடல் முதல் 6 முதல் 8 மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். ஒரு மணி நேரத்தில் குட்டி எழ வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் என்று சில மாட்டுக் கொட்டகைகளில் கன்றைத் தடுத்து வைக்கும் பழக்கத்தைக் குதிரையிடம் கொண்டுவந்தால், அந்த மூன்று மணி நேரமும் வீண்.

ஊசி இந்த இடத்தை நிரப்புமா? நிரப்பாது. சீம்பாலின் புரதம் வாரக்கணக்கில் காக்கும்; ஊசி மருந்து சில மணி நேரத்துக்கு, தனக்கு அடங்கும் கிருமியிடம் மட்டும் வேலை செய்யும். மேலும், பால் குடிக்காமல் வறண்டுபோன குட்டிக்கு ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதாவது, ஊசி மிக அவசியம் என்று நாம் நினைக்கும் குட்டிக்கே அது மிக ஆபத்து. ஊசியால் தீராத கோளாறுகளும் உண்டு. முதல் லத்தி இறங்காமல் வாலைத் தூக்கி முக்கும் குட்டிக்கு வேண்டியது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் எனிமா. சிறுநீர்ப்பை கிழிந்த ஆண்குட்டிக்கு வேண்டியது அறுவைச் சிகிச்சை. இரண்டாம் வாரத்தை ஒட்டித் தாய் பருவத்துக்கு வரும்போது குட்டிக்கு ஏற்படும் லேசான கழிச்சல் தானே நின்றுவிடும். தொப்புளில் 7 சதவீத டிங்ச்சர் அயோடின் ஊற்றுவதையும் விடவேண்டும்; அது தோலைச் சுடும். அரை சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலில் முதல் நாள் மூன்று நான்கு முறை நனைப்பது மேல்.

ஆனால் சீம்பாலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. குட்டி போடுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகியிருந்தால், மிஞ்சுவதில் வீரியம் இருக்காது. சில தாய்களின் சீம்பாலே குட்டியின் ரத்த அணுக்களை அழிக்கும். கோவேறு கழுதைக் குட்டிகளில் இது அதிகம். முந்தைய குட்டி மஞ்சள் பூத்து இறந்திருந்தால், இந்தக் குட்டியின் வாய்க்கு முதல் நாள் கூடு மாட்டி, வேறொரு குதிரையின் சீம்பாலைப் புட்டியில் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் மாட்டுச் சீம்பால். அதன் காப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

ஆகவே 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தத்தைச் சோதிப்பதே நடுநிலையான வழி. குளுட்டரால்டிஹைடு சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ரத்தச் சீரம் 10 நிமிடத்துக்குள் உறைந்தால் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் நோய் எதிர்ப்புப் புரதம் உண்டு. அந்தக் குட்டிக்கு ஊசி வேண்டாம். ஒரு மணி நேரமாகியும் உறையாவிட்டால் 400க்கும் கீழே. பிளாஸ்மா ஏற்ற வேண்டும்.

என் தீர்ப்பு: எல்லாக் குட்டிக்கும் முதல் நாள் ஆன்டிபயாடிக் என்பது தவறு. டெட்டனஸ் விஷயம் வேறு. தாய்க்கு ஈற்றுக்கு 4 முதல் 6 வாரம் முன்பு தடுப்பூசி போடாவிட்டால், குட்டிக்கு எதிர்நச்சு ஊசி அவசியம். அதேபோல், குறைமாதக் குட்டி, மூன்று மணி நேரமாகியும் மடி தேடாத குட்டி, சோதனையில் தோற்ற குட்டி ஆகியவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்லி, வேப்பேரிக்கு வண்டி கிளம்பும் முன்பே.