வயதின் குரல்: விளிம்புநிலை எழுத்தாளர்களின் இளையோர் புனைவைக் கண்டறிதலும் பரிந்துரைத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘இளையோர் புனைவு’ என்னும் தனி அடுக்கு நூலகத்திலும் பதிப்புலகிலும் இன்னும் நிலைபெறவில்லை. ஆயினும் தலித், இசுலாமிய எழுத்தாளர்கள் 1990களுக்குப் பின் எழுதிய படைப்புகளில் பல, வளரிளம் பருவத்தையே களமாகக் கொண்டவை. அவற்றைப் பள்ளி மேல்வகுப்பு மாணவருக்குப் பரிந்துரைக்கையில், ஆசிரியரின் சமூக அடையாளம் தேடலுக்கு வழிகாட்டும். தெரிவுக்கு அதுமட்டும் போதாது. இளைய பாத்திரத்துக்குத் துன்பம் தவிர வேறொரு வாழ்வும் நூலில் உண்டா என்பதே முதன்மையான அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. திருவாலங்காட்டுப் பகுதியின் இளைய வாசகர் இவ்வாய்வின் நோக்குநிலையாக அமைகின்றனர்.

திறவுச்சொற்கள்: இளையோர் புனைவு, தலித் இலக்கியம், பரிந்துரை, கருக்கு, கூளமாதாரி, பழையனூர் நீலி

முன்னுரை

திருவாலங்காடு என்னும் ஊர்ப்பெயர் தமிழ் இளையோரின் வாசிப்புக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. முதலாம் இராசேந்திரன் பழையனூரை இவ்வூர்க் கோயிலுக்குக் கொடையளித்ததைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஆதாரமான சான்றுகளுள் ஒன்று. நாடே தன்னை விரும்பியபோதும் அருள்மொழி அரசுரிமையைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்தான் என்னும் செய்தி இச்செப்பேடுகளில் உள்ளது. நாவலின் முடிவு அதன்மேல் கட்டப்பட்டது. ‘எதையாவது படிக்க வேண்டும், ஐயா’ என்று கேட்டு வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு ஆசிரியர் கைநீட்டி எடுத்துத் தரும் முதல் நூலும் பெரும்பாலும் அதுவே.

அந்த மாணவர் யார் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அவருடைய பெற்றோர் திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவராகவோ, செங்கற்சூளையில் வேலை செய்பவராகவோ இருக்கலாம். அண்ணனோ அக்காளோ காக்களூர்த் தொழிற்பேட்டைக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ முறைவேலைக்குச் செல்பவராக இருக்கலாம். வீடு காலனியிலோ இருளர் குடியிருப்பிலோ இருக்கலாம். அவருடைய ஊர்ச் செப்பேடு நாவலாகிவிட்டது. அவருடைய தெரு நாவலாகியிருக்கிறதா, ஆகியிருந்தால் அதை அவர் கையில் எப்படிச் சேர்ப்பது?

அடுக்கு இல்லாத வயது

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்திய மாநிலங்களுள் இது முன்னோடி. ஆனால் நூலகத்தின் உள்ளமைப்பு இரண்டு வாசகர்களையே அறியும்: சிறுவர், பெரியவர். நடுவில் நிற்கும் வயதுக்கு அடுக்கு இல்லை. பள்ளிக் கல்வித்துறை வெளியிடும் இதழ்களிலும் இதே இடைவெளியைக் காணலாம். ‘ஊஞ்சல்’ தொடக்க வகுப்பினருக்கு. ‘தேன்சிட்டு’ 6 முதல் 9ஆம் வகுப்பு வரை. அதற்கு மேல் பொதுத்தேர்வு வந்து வாசிப்பை விழுங்கிவிடுகிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதும் சிறார் இலக்கியம் என்ற பெயரிலேயே வழங்கப்படுகிறது. 2020இல் அவ்விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டல் பற்றிக் குழந்தைகளிடம் பேசத் துணிந்த நூல். பேசாப்பொருளைச் சிறார் இலக்கியம் பேசத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது சான்று. இளையோர் இலக்கியத்துக்கு அத்தகைய ஏற்புக்கூட இன்னும் கிட்டவில்லை.

‘ஓங்கில் கூட்டம்’ என்ற பெயரில் எழுத்தாளர் சிலர் கூடி, பதின்பருவத்தினருக்கென்றே சிறுநூல்களை வெளியிட்டு வருவது குறிப்பிடத்தக்க மாற்றம். மாணவர் மணிக்கட்டில் கட்டப்படும் சாதிக் கயிற்றைப் பொருளாகக் கொண்ட விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ அவற்றுள் பரவலாகப் பேசப்பட்டது. நாங்குநேரியில் 2023 ஆகத்து மாதம் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவரால் வெட்டப்பட்ட கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் இத்தகைய வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்ததை நினைத்தால், இச்சிறுநூலின் காலப்பொருத்தம் விளங்கும். ஆனால் சிறுநூல் ஒரு செய்தியைக் கொண்டு சேர்க்கும். ஓர் இளைஞர் சில நாட்கள் குடியிருந்து வருவதற்கான வீடாக அது அமையாது. அதற்கு நாவல் வேண்டும். நெடிய தன்வரலாறு வேண்டும்.

அடையாளம் என்னும் திறவுகோல்

அமெரிக்காவில் இவ்வினா இனநிறத்தின் வழியே எழுந்தது. குழந்தை நூல்களின் உலகம் முழுக்க வெள்ளையாக இருப்பதை நான்சி லாரிக் 1965இல் எடுத்துக்காட்டினார். நூல் வாசகருக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். பாத்திரமும் ஆசிரியரும் ஒரே சமூகத்தவராக உள்ள நூல்களைத் தேடிப் பரிந்துரைக்க, ‘ஓன் வாய்சஸ்’ என்ற குறிச்சொல்லை 2015இல் கொரின் டய்விஸ் முன்வைத்தார். ஆறே ஆண்டுகளில், அவ்வகை நூல்களுக்காகவே தொடங்கப்பட்ட ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ அமைப்பு அக்குறிச்சொல்லைக் கைவிட்டது. எளிய தேடற்குறியாகப் பிறந்த சொல் தரச்சான்றிதழாக மாறி, எழுத்தாளர் தம் அந்தரங்க அடையாளத்தை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை உண்டாக்கியதே காரணம்.

தமிழ் விமரிசனத்துக்கு இது புதிய கதையன்று. தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்ற விவாதம் 1990களிலேயே இங்கு சூடுபிடித்தது. ‘கோவேறு கழுதைகள்’ (1994) எழுதிய இமையம், தம்மைத் ‘தலித் எழுத்தாளர்’ என்ற முத்திரைக்குள் அடைப்பதைத் தொடர்ந்து மறுத்துவந்துள்ளார். அவ்விவாதத்தில் ஒரு தரப்பை முழுக்க வென்றதாக அறிவிப்பது இங்கு நோக்கமன்று. பரிந்துரைப்பவர் பார்வையில் ஒரு நடைமுறை வேறுபாடு போதும்: அடையாளம் அடுக்கைத் திறக்கும் சாவி. அந்தச் சாவி இல்லாவிட்டால் மறைக்கப்பட்ட நூல்கள் மறைந்தே கிடக்கும். திறந்தபின் எந்த நூலை எடுப்பது என்பதைச் சாவி சொல்லாது.

இரண்டு நூல்கள், இரண்டு சிரிப்புகள்

இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இணை பாமாவின் ‘கருக்கு’ம் (1992) பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யும் (2000). முன்னது தலித் கிறித்தவப் பெண் தம் ஊரையும் தம்மையும் எழுதியது. பின்னது, கொங்குநாட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் சிறுவர் சிறுமியரைப் பற்றி அச்சமூகத்துக்கு வெளியிலிருந்து எழுதப்பட்டது. அடையாளத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பட்டியல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

‘கருக்கு’ நூலகத்தில் பெரும்பாலும் தன்வரலாறாக அடுக்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் அது தலித் பெண்ணியப் பனுவல். இரண்டு இடத்திலும் அதன் வயது மறைந்துபோகிறது. நூலின் பெரும்பகுதி ஒரு சிறுமியின் கண்ணால் காணப்படுவது. மூன்றாம் வகுப்பு படிக்கும் அச்சிறுமி, தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிச் செல்வதைப் பார்த்து வேடிக்கையென்று சிரிக்கிறாள். வீட்டில் வந்து சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, முதலாளி தின்னும் பண்டத்தை நம் ஆள் தொட்டால் தீட்டு என்பதை விளக்குகிறான். மேற்கோளாகி மேற்கோளாகித் தேய்ந்த காட்சி இது. ஆனால் ஆய்வேடுகள் அண்ணனின் விளக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒரு பதினைந்து வயதினர் முதலில் இனங்காண்பது அந்தச் சிரிப்பைத்தான். அறியாமையில் பிறந்த சிரிப்பு அறிவில் உறைந்துபோகும் கணமே வளரிளம் பருவப் புனைவின் உயிர்நிலை. அதன்பின் அந்தச் சிறுமி சிரிப்பதையே விட்டுவிடவில்லை என்பதுதான் நூலை உயர்த்துகிறது. தெரு விளையாட்டுகள், கிண்டற்பெயர்கள், பேய்க்கதைகள், திருவிழாக்கள் என்று பக்கங்கள் நிறைகின்றன. அவற்றையெல்லாம் ‘பின்புலம்’ என்று தள்ளிவிட்டு அவமானங்களை மட்டும் பொறுக்கியெடுப்பவர் வேறொரு நூலைப் பரிந்துரைக்கிறார்.

மொழியும் இங்குக் கவனிக்கத்தக்கது. பேச்சுத்தமிழ் உரையாடலோடு நிற்காமல் எடுத்துரைப்பிலும் பரவுகிறது. தொண்டை மண்டலத்து மாணவருக்கு விருதுநகர் வட்டாரச் சொற்கள் சில புரியாமற்போகலாம். ஆனால் வீட்டில் பேசும் தமிழ் அச்சில் ஏறலாம் என்ற செய்தி அவருக்குச் சொல்லகராதி இல்லாமலே புரியும்.

‘கூளமாதாரி’யின் கூளையன் வீட்டை விட்டுப் பண்ணையத்தில் கட்டுண்டவன். அவனுக்குப் பள்ளி இல்லை. பண்ணையக்காரரின் மகன் செல்வனுக்கு உண்டு. இருவரும் ஒன்றாகவே ஆடுகிறார்கள், நீந்துகிறார்கள். அந்த நட்புக்குள் எசமான் உறவு எந்த நொடியில் தலைநீட்டும் என்பதை நாவல் பதற்றத்துடன் பின்தொடர்கிறது. நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி எனச் சிறுவர் கூட்டமொன்று மேய்ச்சல் வெளியில் தனக்கெனச் சட்டதிட்டங்களுடன் ஓர் உலகத்தைப் படைத்துக்கொள்கிறது. வயிற்றுக்குப் போதாத அப்பிள்ளைகளை ஆசிரியர் இரங்கத்தக்க பொருள்களாக ஆக்கவில்லை. அவர்களுக்குத் தந்திரம் உண்டு, பொறாமை உண்டு, இரவுகள் உண்டு. வெளியிலிருந்து எழுதியவர் என்ற ஐயத்துக்கு நூலே தரும் விடை இதுதான். ஆனால் அது முழுமையான விடையன்று. கூளையன் தன்னைப் பற்றித் தானே எழுதியிருந்தால் எதைச் சொல்லியிருக்க மாட்டான் என்ற கேள்வி எஞ்சுகிறது. ‘கருக்கு’டன் சேர்த்துப் படிக்கக் கொடுத்தால் அக்கேள்வியை வாசகரே கேட்பார். ஆகவே தனியே அல்லாமல் இணையாகப் பரிந்துரைப்பதே முறை.

இந்நாவல் ஆங்கிலத்தில் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2004இல் வெளிவந்தபோது அதை வெளியிட்டது தாரா பதிப்பகம். குழந்தைகள், இளையோர் நூல்களால் பெயர்பெற்ற நிறுவனம் அது. ஆங்கில வாசகருக்கு இளையோர் நூற்பட்டியலின் பக்கத்தில் கிடைத்த கூளையன், தன் மொழியில் பெரியவர்களின் நாவல் அடுக்கில் ஆய்வாளருக்காகக் காத்திருக்கிறான்.

‘கருக்கு’க்கு மற்றோர் இணையும் உண்டு. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) அதே ஊர்ப்புறத்தை ஆண்பிள்ளையின் எள்ளலோடு பார்க்கிறது. தன்னையே நகையாடும் நாயகன் தமிழில் அரிது. படித்துப் பட்டம் பெற்றும் வேலையின்றி அலையும் இளைஞரின் மனநிலையை அது பிடித்த அளவுக்குப் பிற நூல்கள் பிடிக்கவில்லை. நூலின் பருமன் அச்சுறுத்தும். பள்ளிப்பருவப் பகுதியை மட்டும் தந்து தொடங்கலாம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) சிறுமி ராபியாவின் பார்வையில் தொடங்கிப் பெரிய பெண்களின் உலகத்துக்குள் விரிகிறது. பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் அதன் ஆசிரியர். முழு நாவலும் பள்ளி மாணவருக்குப் பொருந்துமா என்பதில் இருவேறு கருத்துக்கு இடமுண்டு. கல்லூரி முதலாண்டுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம்.

பரிந்துரைப்பவரின் அச்சம்

நூல் இல்லாமையை விடவும் பெரிய தடை பரிந்துரைப்பவரின் தயக்கம். 2015இல் ‘மாதொருபாக’னுக்கு நேர்ந்தது ஆசிரியர் சமூகத்தின் நினைவில் உள்ளது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாமாவின் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியதும் அவ்வாறே. பல்கலைக்கழகமே பின்வாங்கும்போது, ஊர்க்காரர் எல்லோரையும் அறிந்த ஒரு பள்ளி ஆசிரியர் எப்படித் துணிவார்?

இதனினும் நுட்பமான அச்சம் ஒன்று உண்டு. காலனி மாணவரை அழைத்து ‘இது உன்னைப் பற்றிய நூல்’ என்று ‘கருக்கு’ நூலைக் கொடுப்பது, வகுப்பின் நடுவே அவருடைய சாதியைப் பெயர்சொல்லி அழைப்பதற்கு ஒப்பானது. நல்லெண்ணத்தால் செய்யப்படும் இந்த வன்முறையை விமரிசனம் போதிய அளவு கவனிக்கவில்லை. ‘கண்ணாடி’ என்னும் உவமை பொதுவெளியில் இப்படி ஆபத்தாக மாறும். நூலை எல்லோருக்கும் பொதுவாக மேசையில் வைக்க வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னை நாடுவோரும் அதை எடுக்க நேர வேண்டும், கயிறு கட்டிய மணிக்கட்டுக்கும் அந்த நூல் தேவை.

பழையனூர்ப் பக்கம்

அச்சு நூலோடு பட்டியலை நிறுத்தினால் திருவாலங்காட்டுச் சுற்றுவட்டாரத்தின் இளையோர், குறிப்பாக இருளர் பிள்ளைகள், அதில் இடம்பெறுவது அரிது. ஆனால் அவ்வட்டாரத்தில் பிறந்த பெருங்கதையொன்று கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. கணவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறப்பிலும் அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் அவையில் நீதி கேட்கிறாள். வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை ஏற்று அவனை அவளுடன் விடுகின்றனர். அவன் இறந்ததும் வாக்குத் தவறாமல் தீப்பாய்கின்றனர். ஊரில் நினைவிடம் தீப்பாய்ந்தவர்க்கு. ‘நீலிக் கண்ணீர்’ என்ற வசைச்சொல் மட்டும் அவளுக்கு. முதற்பிறப்பில் அவள் கொல்லப்பட்டவள் என்பதைக் கதை சொல்லியும், மொழி மறந்துவிட்டது.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’யின் சமண ஆசிரியர் அதே பழையனூர் நீலியை எடுத்து, பேயுருவை நீக்கி, சமயவாதிகளை வாதில் வெல்லும் அறிவுடைய பெண்ணாக்கினார். ஊர் பழித்த பெண்ணின் பக்கத்திலிருந்து கதையை மாற்றி எழுதுதல் தமிழில் இக்காலத்தில் தோன்றியதன்று என்பதற்கு இதைவிட அருகில் சான்று இல்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கான பட்டியலில் ‘நீலகேசி’யைச் சேர்ப்பதாயின் வாதச் சருக்கங்களின் தருக்கம் தேவையில்லை, முனிவரை அச்சுறுத்த வந்த நீலி அவரிடமே மாணவியாகும் தருமவுரைச் சருக்கத்தின் உரைநடைச் சுருக்கம் போதும். அதனுடன் ஊரில் வழங்கும் நீலி கதையைப் பாட்டிமாரிடமிருந்து மாணவரே கேட்டெழுதி வர வேண்டும். ‘கருக்கு’, ‘கூளமாதாரி’ இரண்டும் அவற்றின் பக்கத்தில் அதே மேசையில் இருக்க வேண்டும்.