கிதாரின் கைப்பிடி: இந்தியாவிலும் இலங்கையிலும்

மின்சாரக் கிதாரின் பிரிட்ஜ் எனப்படும் குதிரையை அசையும்படி அமைத்து, அதில் ஓர் உலோகக் கைப்பிடியையும் பொருத்தி, தந்திகள் ஆறும் ஒருங்கே தளர்ந்தும் இறுகியும் ஒலிக்கச் செய்யும் டிரெமோலோ என்ற சாதனத்தை 1954ஆம் ஆண்டில் ஃபெண்டர் கம்பெனி தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் வைத்து வெளியிட்டது முதல், அதன் சாயலில் செய்யப்பட்ட மலிவு விலை வாத்தியங்கள் உலகெங்கும் பரவி, தமிழ் இளைஞர்களின் கைகளையும் வந்தடைந்திருக்கின்றன. அவற்றை வாங்கித் தமக்கேற்றவாறு திருத்திக்கொள்ளும் வேலை பாக் நீரிணையின் இரு பக்கத்திலும் நடக்கிறது. எனினும் இரண்டிடத்திலும் அதன் நோக்கம் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை என்பதும், அந்த வேற்றுமைக்குப் பணத்தையும் கடையையும்விட வாசிக்கப்படும் இசையே பிரதான காரணம் என்பதும் என் அபிப்பிராயம்.

சாதாரணமாகக் கட்டப்படும் பத்தாம் எண் தடிமன் கொண்ட தந்திகள் ஆறும் சேர்ந்து குதிரையை முன்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமம். கிதாரின் முதுகுப்புறக் குழிவில் பூட்டியுள்ள சுருள்வில்கள் அதற்கு ஈடான எதிர்விசை தந்து நிற்பதனாலேயே குதிரை நிலைகொள்கிறது. ஆகவே, வாசிப்பவர் ஒரு தந்தியை மட்டும் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்க முற்பட்டால், அந்த இழுப்புக்கு வில்கள் நெகிழ்ந்துகொடுக்க, குதிரை முன்னே சாய்ந்து, ஏனைய தந்திகள் யாவும் சுருதி இறங்கிவிடுகின்றன. ராக் இசையில் இதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஸட்ஜம் இறங்குமானால், அங்கே ராகத்தின் ஜீவனே போய்விடும். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்ற வித்துவான்கள் கிதாரைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் ஏற்றிய பின்னர், அவ்வழியில் பயில விரும்பும் மாணவனுக்கு முதல் திருத்தம் அந்த அசைவை நிறுத்துவதேயாகும். குதிரையின் அடியில் தொங்கும் உலோகக் கட்டைக்கும் குழிவின் சுவருக்கும் இடையே, தேக்கிலோ பலாவிலோ இழைத்த ஒரு துண்டை இறுகச் செருகிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டால் காரியம் முடிந்தது. இதைச் செய்யத் தச்சு வேலை தெரிந்த எவராலும் இயலும். இத்தகைய துணிவு நம் சங்கீதத்துக்குப் புதிதன்று: மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினைத் தமக்கென அமைத்துக்கொண்டதும் கமகத்தை முன்னிட்டே.

இலங்கையிலோ மின்சாரக் கிதார் வேறொரு வாயில் வழியாகப் புகுந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தன 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் மூலம் அதைச் சிங்கள மெல்லிசையில் முன்னிறுத்தினார். பாட்டின் அடிகளுக்கு நடுவே சிறு சிறு மெட்டுகளாக ஒலிக்கும் அந்தக் கிதாருக்கு, நீண்ட ஸ்வரத்தின் இறுதியில் கைப்பிடியால் தரும் மெல்லிய நடுக்கம் மிகவும் பொருந்துவது. அதே வாத்தியம் பைலா என்னும் துள்ளலிசைப் பாட்டுக்கும் வேண்டும்; அங்கே துரித தாளத்தில் இடைவிடாது ஸ்வரக்கூட்டுகளை மீட்ட, சுருதி சிறிது பிசகினாலும் சபைக்குத் தெரிந்துவிடும். ஆகவே இலங்கைக் கலைஞனுக்கு வேண்டியது அசையவும் வேண்டிய, அசைந்தபின் தன் இடத்துக்கே திரும்பவும் வேண்டிய ஒரு குதிரை.

இது முன்னதைக் காட்டிலும் நுட்பமான வேலை. குதிரையை உடலோடு பிணைக்கும் ஆறு திருகாணிகளில் நடுவிலுள்ள நான்கையும் சற்றே உயர்த்திவிட்டு, ஓரத்து இரண்டின் மேல் மட்டும் அது சாய்ந்தாடும்படி செய்தல் வேண்டும். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தால், தந்தி அங்கே சிக்காமல் வழுக்கிச் செல்லும். பின்னர் முதுகுப்புற மூடியைக் கழற்றி, வில்களை இழுத்துப் பிடிக்கும் இரு திருகாணிகளையும் கால் சுற்று முடுக்கி, சுருதி கூட்டி, மறுபடியும் கால் சுற்று முடுக்கி, மறுபடியும் சுருதி கூட்டி, குதிரை விரும்பிய சாய்வில் நிற்கும்வரை பொறுமையோடு இருத்தல் வேண்டும். செலவோ ஒரு பென்சிலும் ஒரு திருப்புளியுமே.

செலவு என்னும்போது இரு நாட்டு நிலைமையையும் ஒன்றாகக் கருத இயலாது. இந்தியாவில் கல்கத்தாவின் பட்டறைகள் நெடுங்காலமாகக் கிதார் செய்து வருகின்றன. ஃபெண்டரின் ஸ்குவையர் வரிசையிலேயே சில மாதிரிகள் 1980களின் இறுதியில் இந்தியாவில் தயாராயின. சென்னையின் ரிச்சி தெருவில் கிதாரின் மின்பகுதிக்கு வேண்டிய மின்கம்பியும் மின்தேக்கியும் எளிதில் கிடைக்கின்றன. இலங்கையிலோ மின்சாரக் கிதார் பெரும்பாலும் இறக்குமதிப் பண்டம்; 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயாக உயர்ந்தபோது, பாகங்களைப் புதிதாக வாங்கி மாற்றுவது என்ற எண்ணமே பலருக்கும் எட்டாததாயிற்று. அத்தகைய இடத்தில் பாவித்த கிதாரைப் பரிசோதித்து வாங்குவது ஒரு வித்தையாகவே ஆகிறது. கைப்பிடியைப் பலமுறை அழுத்தி விட்டுச் சுருதி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். குதிரையின் முன்விளிம்பு தேய்ந்துள்ளதா, கடற்காற்றில் வில்கள் துருப்பிடித்துள்ளனவா என்பதையும் கவனிக்க வேண்டும். கர்நாடக சங்கீதமே பயில நிச்சயித்தவன், எந்தக் கரையில் இருப்பினும், அதே விலையில் அசையாக் குதிரையுள்ள கிதார் கிடைக்குமாயின் அதையே வாங்குவது நலம்.