சீனிக்குப் பதில் கருப்பட்டி

காலைக் காப்பியில் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போடுவது, உடம்பைச் சீர்படுத்த நினைக்கிறவர்கள் முதலில் செய்து பார்க்கும் சிறு மாற்றங்களில் ஒன்று. தென் மாவட்டங்களில் இந்தப் பேச்சு எழுந்தால் உடன்குடியின் பெயரும் கூடவே வந்துவிடும். தேரி மணலை ஒட்டிய அந்த ஊரின் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

காப்பியையே விடச் சொன்னால் ஒரு வாரம்கூடத் தாங்காதவர்கள் இதற்கு எளிதில் இணங்குகிறார்கள். அதே டம்ளர், அதே நேரம், அதே இனிப்பு. ஆனால் சீனியைப் போலக் கருப்பட்டியை அள்ளிப் போட முடியாது. தட்டி உடைத்து, வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். கரைத்த பாத்திரத்தின் அடியில் நார்த் தூசியோடு வெளிறிய வண்டல் கொஞ்சம் நிற்கும். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பின் மிச்சமும் அதில் இருக்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோவதும் உண்டு; அதனால் பலர் கடுங்காப்பிக்கும் சுக்குக் காப்பிக்கும் மாறிவிடுகிறார்கள். நாளைக்கு ஐந்து முறை இந்த வேலையைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. காப்பி தானாகவே இரண்டு வேளையாகச் சுருங்கும். கருப்பட்டியின் சத்தைவிட, அது தரும் இந்தத் தாமதமே பெரிய நன்மை.

குறை தொடங்குவது, கருப்பட்டியை மருந்தாக நினைக்கும் இடத்தில். அதிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ஒரு தேக்கரண்டிச் சீனி, அதாவது 5 கிராம், சுமார் 20 கலோரி தரும். அதே எடைக் கருப்பட்டி தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. உணவில் சேர்க்கும் இனிப்பு மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள், அதாவது நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள், அடங்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. கருப்பட்டியும் இந்தக் கணக்கில்தான் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கருப்பட்டிதானே" என்று இன்னொரு துண்டைப் போட்டுக்கொள்வது கவலைக்குரியது. சீனிக்குக் கரண்டி அளவு இருந்தது; துண்டுக்கு அளவே இல்லை. கெட்டியான பாகாகக் காய்ச்சி வைத்துக் கரண்டியால் ஊற்றிக்கொள்ளும் வீடுகளில் இந்தக் குறை ஓரளவு நீங்குகிறது.

இரும்புச்சத்துக்காக என்று சொல்வதும் காப்பி விஷயத்தில் பொருந்தாது. ஒரு டம்ளருக்குப் போடும் துண்டில் கிடைப்பதே சொற்பம். அதையும் உடம்பு முழுதாக உறிஞ்சவிடாமல் காப்பி தடுக்கிறது.

இதற்கெல்லாம் முன்பாக, வாங்குவது கருப்பட்டிதானா என்ற கேள்வி இருக்கிறது. பனையேறி ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, பதநீர் இறக்குகிறார். அதை மணிக்கணக்கில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்க வேண்டும். விறகு வேண்டும், ஆள் வேண்டும், பருவமோ ஆண்டில் சில மாதங்கள்தான். இத்தனை உழைப்பு சேர்ந்த பொருள் சீனியைவிடப் பல மடங்கு விலை விற்பதில் நியாயம் இருக்கிறது. அந்த விலைக்குத் தயங்கி மலிவாகத் தேடுகிறவர் கைக்குப் பெரும்பாலும் வருவது, காய்ச்சும்போதே சீனி கலந்த கருப்பட்டி. சீனியை விட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அவர் குடிப்பதும் சீனிதான். மரம் ஏறியவருக்குச் சேர வேண்டிய கூலியும் அதில் போய்ச் சேர்வதில்லை.