மற்றும் குழுவினர்

ஆடி மாதம் முழுக்க மேச்சேரியில் எங்களை எழுப்புவது எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான். பத்ரகாளியம்மன் கோயில் பக்கமிருந்து ஒரு ஒலிபெருக்கி, சுற்றுப்பட்டு மாரியம்மன் கோயில்களிலிருந்து அதற்குப் போட்டியாக இன்னும் இரண்டு மூன்று. சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுகள். ஒரு விடியலில் மட்டும் காது வேறெங்கோ போனது. அவர் ஒரு வரியை முடித்ததும் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் எத்தனை பேர்? ஐந்தா, எட்டா? எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. எண்ண முடியாதபடி பாடுவதற்குத்தான் அவர்களுக்குக் கூலி.

வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் மூச்சை இறக்கி 'மற்றும் குழுவினர்' என்பார்கள். இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ பெண்களின் பிழைப்பு இருக்கிறது. நம் இசை விமர்சனம் அதற்குள் எட்டிப் பார்த்ததே குறைவு. மொழியும் அவர்கள் பக்கம் இல்லை. ஒருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவரை 'பின்பாட்டுப் பாடுகிறார்', 'ஒத்து ஊதுகிறார்' என்று ஏசுகிறோம். ஒத்து நின்றுவிட்டால் நாகசுரக்காரர் சுருதிக்கு எங்கே போவார் என்று யோசிப்பதில்லை.

ஈஸ்வரியே அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். அவருடைய அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் குழுப்பாடகி. கணவரை இழந்த பின் குடும்பம் அந்த வருமானத்தில் ஓடியது. அம்மாவோடு ஒலிப்பதிவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண், 'மனோகரா' (1954) படத்தில் ஜிக்கி பாடிய ஒரு பாட்டுக்குக் குழுவில் நின்றார். பெயர்கூட முழுசாக நிற்கவில்லை. எம்.எஸ். ராஜேஸ்வரி என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் ராஜேஸ்வரி ஈஸ்வரியானார். 'நல்ல இடத்துச் சம்பந்தம்' (1958) படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். 'பாசமலர்' (1961) கல்யாணப் பாட்டு அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அது மணப்பெண்ணைத் தோழிகள் அழைக்கிற பாட்டு. குழுப்பாடகியாக இருந்தவர் தோழியாக முன்னால் வந்து நிற்க, பின்னால் மற்ற தோழிகள். இன்றும் மண்டபங்களில் அது ஒலிக்கிறது. அந்தத் தோழிகள் யாரென்று கேட்டவர் உண்டா?

இதை முன்னேற்றக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மகள் குழுவிலிருந்து வெளியே வந்தார், அம்மா உள்ளேயே இருந்தார். எனக்கு அம்மாவைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை. அந்தக் காலத்தில் பாட்டும் வாத்தியமும் சேர்த்து ஒரே மூச்சில் பதிவானது. குழுவில் ஒருத்திக்கு இருமல் வந்தாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். பெயரில்லாதவள் செய்யும் தப்பு மட்டும் எல்லார் காதிலும் விழும். சரியாகப் பாடினால் யார் காதிலும் விழாது. வீட்டு வேலைக்கும் இதுதானே கணக்கு? குழம்பில் உப்பு குறைந்த அன்றைக்குத்தான் சமைத்தவள் ஞாபகத்துக்கு வருவாள்.

சேர்ந்திசை கற்றுக்கொடுப்பவர்கள் முதல் நாளே சொல்வது, 'பக்கத்தில் இருப்பவரைக் கேள், உன் குரல் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது' என்பது. ஒரு ஆண் பிள்ளைக்கு இது புதுப் பாடமாக இருக்கலாம். பெண் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து படித்துவந்த பாடம். அதனால் 'பல குரல்கள் ஒன்றாகிவிட்டன' என்று விமர்சகர்கள் சிலிர்க்கும் இடத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒன்றானது யார், கரைந்துபோனது யார்?

எம்.பி. சீனிவாசன் இந்த இடத்தில் முக்கியமானவர். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த இடதுசாரி. திரைப்பட இசைக்கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டி, அவர்கள் கூலிக்காக முன்னின்றவர். 1970களின் தொடக்கத்தில் அவர் அமைத்த மெட்ராஸ் யூத் கொயரில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் பாடினார்கள். பாரதியின் பாடல்களைப் பல இழைகளாகப் பிரித்து, உயர்ந்த பெண்குரலுக்கு ஒன்று, தாழ்ந்த பெண்குரலுக்கு ஒன்று, ஆண்குரல்களுக்கு வேறு என்று எழுதினார். தாழ்ந்த குரலுக்குரிய பெண் இந்த அமைப்பில் யாரையும் திருப்பிச் சொல்வதில்லை. அவளுக்கென்று தனி வழி இருக்கிறது, அவள் நிறுத்தினால் பாட்டில் ஓட்டை விழும். பின்பாட்டிலிருந்து இது பெரிய தூரம். கூலிக்காகச் சண்டை போட்டவர்தான் குரல்களுக்கும் தனித்தனி இடம் கொடுத்தார் என்பதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குழுவைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் முதலில் வருவது அவர் பெயர் ஒன்றுதான். நானும் இப்போது அதைத்தான் செய்தேன்.

பெண் குரலுக்கு இடம் எழுதிவைத்துவிட்டுப் பெண்ணை வெளியே நிறுத்திய வரலாறும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் பாடகர் குழுவில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று 1903இல்கூடப் போப்பாண்டவர் ஆணையிட்டார். உயர்ந்த குரலுக்குச் சிறுவர்கள், அதற்கு முன்பு விதை நீக்கப்பட்ட ஆண்கள். அந்த வகைப் பாடகர்களில் கடைசியானவர் என்று சொல்லப்படும் மொரெஸ்கி, சிஸ்டைன் ஆலயக் குழுவிலிருந்து ஓய்வு பெற்றது 1913இல். ரோம் வரை போவானேன்? எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் திரௌபதியாக வந்து கூந்தலை விரித்து அழுகிறவர் ஆண்தான். விடிய விடிய உட்கார்ந்து அழுவது மட்டும் நாங்கள்.

கொங்குப் பக்கம் வள்ளி கும்மியும் ஆண்கள் ஆடியதுதான். பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததற்காகவும் சேர்த்தே கோவைப் பகுதியின் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது சேலம், நாமக்கல் வரை எங்கு பார்த்தாலும் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் கும்மியடிக்கிறார்கள். அதே 2024இல், கொங்குப் பகுதியின் ஒரு கும்மி மேடையில் சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளியும் வந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஆண், திருப்பிச் சொன்னவர்கள் பெண்கள். பாடிக்கொண்டிருந்ததோ வள்ளியின் கதை! தினைப்புனம் காத்த குறப்பெண், வீட்டாருக்குத் தெரியாமல் காதலனோடு போன கதை. பின்பாட்டுக்குப் பழகிய தொண்டைகளில் எதையும் ஏற்றிவிடலாம் என்று யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கும்மியே வேண்டாம் என்று சில தோழிகள் சொல்வது இதனால்தான். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முடிவோடு ஒத்துப்போக முடியவில்லை.

காரணம், நான் போய் உட்கார்ந்த ஒரு குழு. மேச்சேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில், வாரம் மூன்று நாள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் களத்தில் பயிற்சி. ஒரு அக்கா தறி நெய்கிறவர். நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் அவர் மெதுவாகப் பாடினாலே களம் நிறையும். இன்னொருவர் ஐந்தாறு மேச்சேரி ஆடு வைத்திருக்கிறார், கணவர் வெளியூரில் வேலை. கல்லூரிப் பெண் ஒருத்தி, பாட்டு நோட்டை வைத்திருப்பவள் அவள்தான். ஒரு பெரியம்மாவுக்கு எழுபது இருக்கும். கடலைக்காய் பறிக்கும்போது பாடியது, எழவு வீட்டில் பாடியது, எல்லாம் அவருக்குப் பாடம். ஆனால் எழவுப் பாட்டைக் களத்தில் பாட விடுவதில்லை.

ஒரு வருடம் வெளியூர்க் கோயில் நிகழ்ச்சிக்குப் போய் வந்தார்கள். பேசிய தொகை ஆசிரியர் கைக்குப் போனது. சேலை, சலங்கை, பஸ் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு. "எவ்வளவு பேசினாங்கன்னு கேக்கலீங்களா அக்கா?" என்றேன். தறிக்கார அக்கா சிரித்தார். "கேட்டா, நீ எதுக்கு வர்றே, பாட வர்றியா காசுக்கு வர்றியான்னு கேப்பாங்க கண்ணு. தறியில மொழத்துக்கு இவ்வளவுன்னு கூலி பேசறமில்ல, இதுக்கு மட்டும் பேசக் கூடாதாம்."

அன்றைக்குப் பயிற்சி பாதியில் ஆசிரியருக்கு போன் வந்து அவர் வெளியே போய்விட்டார். ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பெரியம்மா தானாக ஒரு அடியை எடுத்தார், நோட்டில் இல்லாதது. கல்லூரிப் பெண் எழுத ஆரம்பித்தாள். வேகம் கூடியது. இடையில் ஒருத்தி அடியை மாற்றிப் போட, இன்னொருத்தி அதற்குப் பதில் அடி போட்டாள். யார் முன், யார் பின் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டுக்கார அக்கா மட்டும் நடுவில் நழுவினார். குட்டி போடும் நிலையில் ஒரு ஆடு வீட்டில் கட்டிக் கிடந்தது. "விட்டுட்டுப் பாடாதீங்கடி, வந்துடறேன்" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அவர் இடத்தைக் காலியாக விட்டுத்தான் வட்டம் சுற்றியது.